மூடுவதற்கு முன் யாரிடமாவது காட்டியிருக்கலாம்

2023 பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு வருடமாக நான் கட்டிய, றிமோட்டில் ஓட்டும் மாதிரி விமானம் தரையை விட்டு எழும்பி ஒரு நிமிடம் ஆவதற்குள் வயல்வரப்பில் விழுந்து உடைந்தது. அதுவரை செலவான காசு 5 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா. செலவான நேரத்தை நான் கணக்குப் பார்க்கவில்லை. வேலை முடிந்து வந்து இரவு எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை, கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் அதோடுதான் இருந்தேன். விழுந்ததற்குக் காரணம் 200 ரூபாக் குழாய் ஒன்று. விஷயம் தெரிந்த ஒருவர் அதை ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பார். எட்டிப் பார்க்க யாரையும் நான் கூப்பிடவில்லை. கொழும்பில் ஓர் அறைக்குள் இருந்துகொண்டு தனியாக இந்த வேலையைத் தொடங்க நினைக்கும் யாராவது இருந்தால் அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எதைக் கட்டினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ட்ரா 300 என்பது ஜெர்மனியில் வால்ட்டர் எக்ஸ்ட்ரா வடிவமைத்து 1988 இல் முதன்முதலாகப் பறந்த சாகச விமானம். இறக்கையின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே வளைவில் இருப்பதால் தலைகீழாகவும் ஒரே மாதிரிப் பறக்கும். உண்மையான விமானத்தின் இறக்கை 8 மீற்றர். நான் வாங்கியது அதன் நான்கில் ஒரு பங்கு, இறக்கை நுனிக்கு நுனி 2 மீற்றர். 35 சிசி பெற்றோல் எஞ்சின், கட்டி முடித்தால் 6 கிலோ அளவில் எடை, தரையிலிருந்து றிமோட்டில் ஓட்டுவது. பெட்டிக்குள் வருவது லேசரில் வெட்டிய பல்சா மரத் துண்டுகளும் பிளைவூட் துண்டுகளும் பெரிய வரைபடத் தாள்களும் மட்டும்தான். கட்டி முடித்த நிலையில் வரும் விமானங்களும் விற்பனைக்கு உண்டு. நான் வேண்டுமென்றே மரமாக வாங்கினேன். பத்து வருடமாகப் பஞ்சு போன்ற ஃபோமில் செய்த சின்ன மின்சார விமானங்களை ஓட்டியவன் நான். ஒன்றை எலும்பிலிருந்து என் கையாலேயே கட்டவேண்டும் என்ற ஆசை அப்போதே இருந்தது. அந்த ஆசை பிழையில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

காசு விஷயத்தில் நான் ஏமாந்தது இப்படி. 2021 டிசம்பரில் அந்த மரப் பெட்டியின், அதாவது கிட்டின், விலை 390 டொலர். அன்றைய விலையில் டொலர் 200 ரூபா, ஆக 78 ஆயிரம். எஞ்சின், செர்வோ (இறக்கையிலும் வாலிலும் உள்ள தட்டுகளை அசைக்கும் சின்ன மோட்டார்) எல்லாம் சேர்த்து இரண்டரை இலட்சத்துக்குள் முடியும் என்று ஒரு கொப்பித் தாளில் எழுதி மனைவியிடம் காட்டினேன். முதல் அடி கூரியர் கட்டணத்தில் விழுந்தது. பெட்டியின் எடை 5 கிலோதான். ஆனால் நீளம் 125 சென்ரிமீற்றர், அகலம் 35, உயரம் 20. கூரியர்காரர் இந்த மூன்றையும் பெருக்கி 5000 ஆல் வகுத்து, வருகிற எண் உண்மையான எடையை விடக் கூடினால் அதையே எடையாக எடுத்துக்கொள்வார்கள். 17.5 கிலோவுக்கு 260 டொலர் கட்டினேன். விமானக் கிட் எதுவானாலும் பெட்டியின் அளவை முதலில் கேட்டு, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு காசைக் கட்டுங்கள். பிறகு சுங்கமும் விடுவிப்புச் செலவும் 31 ஆயிரம். சுங்கத்தில் ஒரு பிற்பகல் முழுக்க “இது ட்ரோனா?” என்ற கேள்விக்கே பதில் சொன்னேன். வரைபடத்தைக் கையில் கொண்டுபோயிருந்ததால் தப்பினேன். கமெரா இல்லை, றேடியோ இல்லை, வெறும் மரம் என்று விரித்துக் காட்டினேன். விற்பவரிடம் சொல்லி, பற்றுச்சீட்டில் உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒளிக்காமல் விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

பெட்டி 2022 பெப்ரவரியில் வந்தது. மார்ச் 7 ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவின் பிடியை விட்டது. மே மாதமாகும்போது டொலர் 360 ரூபா. எஞ்சினையும் செர்வோக்களையும் பிறகு வாங்கலாம் என்று விட்டிருந்தேன், அதுதான் என்னை விழுத்தியது. 330 டொலர் எஞ்சின் 66 ஆயிரத்தில் முடிந்திருக்கவேண்டியது, ஒரு இலட்சத்து 19 ஆயிரமாகியது. ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான் தன் பெட்டியில் கொண்டுவந்தார். அவருடைய அம்மாவிடம் கொட்டாஞ்சேனையில் ரூபாவாகக் கொடுத்தேன். செர்வோ ஐந்து 72 ஆயிரம், றிமோட்டின் சிக்னலை வாங்கும் றிசீவர் 25 ஆயிரம், மரத்துக்கு மேலே போர்க்கும் பிளாஸ்ரிக் ஃபிலிம் 36 ஆயிரம், பற்றரிகள் 24 ஆயிரம், பசை, ஆணி, புரொப்பெல்லர், சில்லறைச் சாமான் 28 ஆயிரம். இன்னொரு 45 ஆயிரத்தின் கதை கீழே வரும். மொத்தத்தில் கிட்டின் விலை ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மச்சான் மூலம் எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம்: லிதியம் பற்றரியைச் சரக்குப் பெட்டியில் போட விடமாட்டார்கள், கைப்பையில்தான் வரவேண்டும். எஞ்சின் ஒரு சொட்டுப் பெற்றோல்கூடக் காணாத புதிதாக இருக்கவேண்டும். இரண்டையும் விமான சேவையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விமான நிலையத்தில் வைத்துச் சொந்தக்காரருக்குத் தலையிடி கொடுக்காதீர்கள்.

காசுக்கும் முன்னால் பார்க்கவேண்டியது ஒன்று உண்டு, பறக்கவிடும் இடம். கொழும்புக்குள் இதற்கு வழியில்லை. வெள்ளவத்தையில் என் ஜன்னலிலிருந்து பார்த்தால் இரத்மலானைக்கு இறங்கும் சின்ன விமானங்கள் தெரியும், அவ்வளவு கிட்ட. 2019 இல் ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து நான்கு நாட்களில், ஏப்ரல் 25 ஆம் திகதி, ஆளில்லாமல் பறப்பவை எல்லாவற்றையும் சிவில் விமான சேவைகள் அதிகாரசபை மறு அறிவித்தல் வரை தடைசெய்தது. அப்போது என் சின்ன விமானங்கள் எல்லாம் அலுமாரிக்கு மேலே ஏறின. நாளைக்கே அப்படி ஒன்று மறுபடியும் வரலாம். ஆகவே அனுமதியையும் நிலத்தையும் முதலில் பார்த்துவிட்டு மரத்துக்குக் காசு கட்டுங்கள். எனக்கு, தென்னந்தோட்டத்துக்கும் வயலுக்கும் நடுவே வெறுமையாகக் கிடந்த ஒரு காணியை நண்பர் ஒருவர் தந்தார், கொழும்பிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டம்.

சரி, கட்டுமானத்துக்கு வருகிறேன். எங்கள் வீடு மூன்றாம் மாடி. மகளின் படிப்பு மேசைக்குப் பக்கத்தில் பத்தடிக்கு ஒன்பதடி அறையில் பாதி எனக்கு. வேலை மேசை இல்லாததால் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, மேலே பொலித்தீன் போட்டு இடது இறக்கையைத் தொடங்கினேன். இறக்கைக்குள் ரிப் என்று சொல்லும் விலாத்துண்டுகள் வரிசையாக நிற்கும். ஸ்பார் என்ற நீளக் கம்பு அவற்றைக் கோத்துப் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே 2 மில்லிமீற்றர் பல்சாப் பலகையைப் போர்த்து ஒட்டவேண்டும். போர்த்துவது வரைக்கும் இறக்கை வாழைமட்டை மாதிரி முறுகும், வளைக்கலாம், திருத்தலாம். மேலும் கீழும் போர்த்து பசை காய்ந்துவிட்டால் அது ஒரு மூடிய பெட்டி. எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே இறுகிவிடும். அந்த இறுக்கத்துக்காகத்தான் போர்ப்பதே. ஆனால் முறுக்கு இருந்தால் அந்த முறுக்கும் சேர்ந்து இறுகும்.

நான்கு கிழமைகளில் இடது இறக்கையை முடித்தேன். அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு இருந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவ்வளவு லேசாக, அவ்வளவு வழவழப்பாக இருந்தது. வலது இறக்கைக்குக் கதவு ஒன்று கிடைத்தது. எங்கள் மாடியில் வேலை செய்ய வந்த ஓடாவியார் என் மேசையைப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்த மேசை நடுவில குழிஞ்சிருக்கு, இதில நேரான சாமான் ஒண்டும் வராது” என்று சொல்லி, உள்ளே வெறுமையாக இருக்கும் பிளஷ் கதவு ஒன்றை 4,500 ரூபாவுக்கு எடுத்துத் தந்தார். அதை இரண்டு மரக்குதிரைகள் மேல் வைத்து, ரசமட்டம் வைத்து, கால்களுக்கடியில் மட்டை சொருகிச் சமப்படுத்தினார். அந்தக் கதவின் மேல் இடது இறக்கையைக் கொண்டுபோய் வைத்தேன். உட்பக்கம் தட்டையாக உட்கார்ந்தது, நுனியில் பின்விளிம்பு கதவிலிருந்து 14 மில்லிமீற்றர் தூக்கிக்கொண்டு நின்றது. அமத்திப் பார்த்தேன். கையை எடுத்தால் திரும்ப எழும்பியது. ஓடாவியார் ஒன்றும் பேசவில்லை. நான் இரவு முழுக்கத் தூங்கவில்லை.

ஒரு பக்கத்து இறக்கை முறுகியிருந்தால் விமானம் எப்போதும் ஒரு பக்கம் உருளப் பார்க்கும், மெதுவாகப் பறக்கும்போது அந்தப் பக்கம் முந்தியோ பிந்தியோ விழும். சின்ன ஃபோம் விமானத்தில் இதை றிமோட்டில் சரிக்கட்டிக்கொண்டு போகலாம். 6 கிலோ விமானத்தில் கூடாது. இரண்டு கிழமை நானே எனக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அந்த இறக்கையை எறிந்துவிட்டு புதிதாகக் கட்ட முடிவெடுத்தேன். அப்போதுதான் அடுத்த இடி. ரிப்களின் வடிவம் என்னிடம் இல்லை. லேசரில் வெட்டி வந்த துண்டுகளைப் பிரித்து அப்படியே ஒட்டிவிட்டேன். வரைபடத்தில் இறக்கையின் மேல்தோற்றம்தான் இருந்ததே தவிர ஒவ்வொரு ரிப்பின் வடிவமும் இல்லை. நல்ல காலம், வலது இறக்கை இன்னும் துண்டுகளாக இருந்தது. அவற்றைக் கடதாசியில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். பல்சா இங்கே கடையில் போய் வாங்கும் சாமான் இல்லை. உலகத்துக்குப் போகும் பல்சாவில் பெரும்பங்கு எக்குவடோரிலிருந்து வருகிறது. காற்றாலை இறகுகளுக்குள்ளும் அதைத்தான் வைக்கிறார்கள், அதனால் விலை ஏறியிருந்தது. பலகைகளை எடுப்பிக்க 45 ஆயிரம், காத்திருந்தது இரண்டரை மாதம்.

ஆகவே இது என் முதல் புத்திமதி, இதை மட்டும் செய்தாலும் போதும்: பெட்டியைத் திறந்த அன்றைக்கே, ஒரு துண்டையும் கழற்றுவதற்கு முன், எல்லாத் துண்டுகளையும் பலகையோடு வைத்துப் பெரிய கடதாசியில் வரைந்து எடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். நான் அந்த இறக்கையின் துக்கத்தோடு உட்கார்ந்து, இன்னும் ஒட்டாமலிருந்த வலது இறக்கை, உடல், வால் எல்லாவற்றையும் வரைந்து வைத்தேன். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தக் கடதாசிச் சுருள்தான் என்னைக் காப்பாற்றியது. இரண்டாவது, இறக்கையை மூடுவதற்கு முன்னும் மூடும் நேரத்திலும் சமமான பலகையில் எடை வைத்து அமத்தி, இரண்டு முனைகளிலும் கோணத்தை அளவுங்கள். கைத்தொலைபேசியிலுள்ள மட்டம் பார்க்கும் செயலி போதும். அளப்பதை இன்னொரு ஆளைக்கொண்டு இன்னொரு தடவை செய்விக்கவேண்டும். சொந்தக் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும்.

கொழும்பின் ஈரக்காற்றும் ஒரு பாடம். உடனே ஒட்டும் சுப்பர் குளூ காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது. அமெரிக்காவில் ஒருவர் பத்து வினாடி கிடைக்கும் என்று சொன்னால் எனக்குக் கடற்கரைக்கு அரைக் கிலோமீற்றர் தூரத்தில் நான்கு வினாடி கிடைத்தது. துண்டை நேராக்குவதற்குள் பிடித்துவிடும். போத்தல் இரண்டு மாதத்தில் கல்லாகியது. பிறகு பெரிய போத்தல் வாங்குவதை நிறுத்திச் சின்னதாக வாங்கினேன். திறக்காத போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். வெளியே எடுத்தால் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு மட்டும் திறப்பேன், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் படியும். அந்த அவசரத்துக்குப் பயந்து எல்லா இடத்துக்கும் எபொக்சி என்ற இரண்டு பாகப் பசையைப் போட்டேன், அது மறுபக்கத்துத் தவறு. எபொக்சி பாரம். எஞ்சின் பூட்டும் முன்சுவருக்கும் இறக்கைக் குழாய்க்கும் அது வேண்டும், வாலுக்கு வேண்டாம். வாலில் கூடுகிற ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டு மூன்று கிராம் வைத்துத்தான் சமப்படுத்த முடியும். வால் ஈர்ப்பு மையத்திலிருந்து அவ்வளவு தூரம், மூக்கு கிட்ட. கடைசியில் பற்றரி இரண்டையும் முன்னுக்கு, எஞ்சினை ஒட்டித் தள்ளி, மேலும் 90 கிராம் ஈயம் போட்ட பிறகுதான் மையம் சரியான இடத்துக்கு வந்தது. மரவேலைக்கான வெள்ளைப் பசை எடை குறைவு, மரத்தோடு நன்றாகப் பிடிக்கும், மழைக்காலத்தில் ஓர் இரவு முழுக்கக் காயவிட்டால் போதும். இரண்டாம் தடவை பெரும்பாலும் அதையே பாவித்தேன்.

அந்த 2022 ஆம் வருடம், பொருளாதார நெருக்கடியில், யாருக்கும் சுலபமாக இருக்கவில்லை, நான் விமானம் கட்டினேன் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு. ஃபிலிமை இஸ்திரிப்பெட்டியால் சூடாக்கி ஒட்டி, இன்னும் சூடாக்கிச் சுருக்கி இழுக்கவேண்டும். சூடு ஒரே அளவாக இருக்கவேண்டும், நடுவில் கரண்ட் போனால் அந்த இடத்தில் சுருக்கம் விழும். அதனால் அந்த வேலையை மின்வெட்டு ஓயும் வரை தள்ளிவைத்தேன். நிறத்தில் விட்ட பிழை வேறு: அழகுக்காக மேலே கடும் நீலம் போட்டேன். வெயிலில் பத்து நிமிடம் வைத்தால் கடும் நிறம் சூடேறி ஃபிலிம் தளர்ந்து பைபையாகத் தொங்குகிறது. வெள்ளையும் மஞ்சளும் அப்படித் தளரவில்லை. மேலும் கீழும் வேறு வேறு வடிவத்தில் கோடு போடுங்கள். 150 மீற்றர் தூரத்தில் விமானம் நேராக இருக்கிறதா தலைகீழாக இருக்கிறதா என்று கண்ணுக்கு ஒரு நொடியில் தெரியவேண்டும்.

எஞ்சினைப் பற்றி எழுதும்போதுதான் எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்கிறது. யூலையில் எரிபொருளுக்கு கியூஆர் அட்டை வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். கானில் பெற்றோல் தரவில்லை. வேலைக்குப் போகவே அது போதாத காலம், எஞ்சின் வருடக் கடைசி வரை பெட்டிக்குள்ளேயே கிடந்தது. டிசம்பரில் மோட்டார் சைக்கிள் தாங்கியிலிருந்து ஒரு லீற்றர் எடுத்து, 33 மில்லிலீற்றர் இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்து, நண்பரின் காணியில் விமானத்தைத் தென்னையோடு கட்டி முதன்முதலாக ஸ்டார்ட் பண்ணினேன். அம்மாவும் வந்திருந்தார். எஞ்சின் பிடித்து உறுமியதும் அவர் முகம் மாறி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். எங்கள் ஊரில் வானத்திலிருந்து வரும் இரைச்சலுக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது, பங்கருக்குள் ஓடுவது. எனக்கு அது முன்பே விளங்கியிருக்கவேண்டும். அதற்குப் பிறகு அம்மா இருக்கும் இடத்தில் நான் எஞ்சினைத் தொடுவதில்லை.

பெற்றோல் தாங்கிக்கு உள்ளே ஒரு வளையும் குழாய் உண்டு. அதன் நுனியில் ஒரு பாரமான உருளை தொங்கும், விமானம் எப்படிப் புரண்டாலும் அது பெற்றோல் இருக்கும் பக்கம் விழுந்து உறிஞ்சிக் கொடுக்கும். நான் வாங்கிய தாங்கியோடு அந்தக் குழாய் வரவில்லை. புறக்கோட்டையில் ஒரு கடையில் மெல்லிய வெள்ளைக் குழாய் ஒன்றைக் காட்டி, பெற்றோலுக்குப் பாவிக்கலாமா என்று கேட்டேன். “எல்லாத்துக்கும் பாவிக்கலாம்” என்றார் கடைக்காரர். மென்மையாக, நன்றாக வளைந்தது. 200 ரூபா. பொருத்தி, தாங்கியை உடலுக்குள் வைத்து, வெளியே எடுக்க முடியாதபடி மேலே பிளைவூட் ஒட்டி மூடினேன். எடை குறையட்டும் என்று திறந்து மூடும் கதவு வைக்கவில்லை. அது சிலிக்கோன் குழாய். மெதனோல் எரிபொருளுக்கு அது நல்லது, பெற்றோலில் ஊறினால் வீங்கிக் குழைந்து கிழிந்துபோகும். எனக்கு அப்போது அது தெரியாது. எஞ்சினைப் பழக்க நான்கைந்து தடவை ஓட்டிவிட்டு, மீதிப் பெற்றோலைத் தாங்கியிலேயே இரண்டு கிழமை விட்டும் வைத்தேன்.

அந்த ஞாயிறு காலை காற்றே இல்லை. உடல் மட்டும் 1.85 மீற்றர் நீளம், எங்கள் மாடிப்படியின் வளைவில் திரும்பவில்லை. கயிறு கட்டிப் பல்கனியால் கீழே இறக்கவேண்டியதாயிற்று. (கட்டத் தொடங்க முன் படிக்கட்டை அளவுங்கள், வாடகைக்கு வேன் பிடிப்பதையும் செலவில் சேருங்கள்.) றேடியோவின் தூரச் சோதனை செய்தேன், எல்லாக் கட்டுப்பாடுகளும் சரியான பக்கம் அசைகின்றனவா என்று இரண்டு தடவை பார்த்தேன், சிக்னல் போனால் எஞ்சின் இறங்கும்படி வைத்தேன். 20 மீற்றர் ஓடுவதற்குள் எழும்பிவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்ட கணங்கள் குறைவு. 30 மீற்றர் உயரத்தில் முதல் வளைவு எடுக்கும்போது எஞ்சின் சத்தம் மெலிந்து, ஒரு தடவை கூவி, நின்றது.

எதிரே நேராக வயல் இருந்தது, அறுவடை முடிந்த வயல். அங்கேயே இறக்கியிருக்கவேண்டும். சக்கரம் உடைந்திருக்கும், அவ்வளவுதான். நான் ஓடுபாதைக்குத் திருப்பினேன். கனமான விமானம் எஞ்சின் இல்லாமல் திரும்பும்போது வேகத்தை இழக்கிறது, வேகத்தை இழந்தால் உள்பக்க இறக்கை முதலில் விழுகிறது. உண்மையான விமானிகளுக்கு முதல் பாடமாகச் சொல்லிக் கொடுப்பது இது: எழும்பியவுடன் எஞ்சின் நின்றால் திரும்பாதே, நேராக இறக்கு. புத்தகத்தில் நானும் வாசித்திருந்தேன். கை கேட்கவில்லை. இடது இறக்கை சரிந்தது, மூக்கு கீழே போனது, சத்தம் எனக்கு அரை வினாடி தாமதமாக வந்து சேர்ந்தது.

உடைந்ததைப் பொறுக்கிக்கொண்டு இருந்தபோது, பக்கத்துத் தோட்டத்திலிருந்து பெரியவர் ஒருவர் நடந்து வந்தார். விமான நிலையத்தில் பராமரிப்புப் பகுதியில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவர் என்று பிறகு தெரிந்தது. பிளந்த தாங்கியைக் கையில் எடுத்தார். உள்ளே குழாய் இரண்டு மடங்கு தடித்து, தொட்டால் வழுக்கி, உருளையைப் பிடிக்கும் இடத்தில் கிழிந்து கிடந்தது. எஞ்சின் பெற்றோலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சியிருக்கிறது. “தம்பி, இது பெற்றோல் குழாய் இல்லை” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “மூட முதல் ஆருக்குக் காட்டினீர்?” என்று கேட்டார். ஒருவருக்கும் இல்லை ஐயா என்றேன். அவர் வேறொன்றும் சொல்லாமல் என்னோடு குந்தியிருந்து துண்டுகளைப் பொறுக்கினார். வீட்டுக்கு வரும் வழியில் வேனுக்குள் நான் அழுதேன். மனைவி காசைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, அது இன்னும் பாரமாக இருந்தது.

மூன்று மாதம் எதையும் தொடவில்லை. மேயில் சுருட்டி வைத்த கடதாசிகளை விரித்தேன். பெயர்ப்பலகையும் அழைப்பிதழும் வெட்டும் லேசர் இயந்திரம் வைத்திருக்கும் கடைகள் கொழும்பில் இருக்கின்றன. கடதாசி வரைபடங்களைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தால் பல்சாவையும் பிளைவூட்டையும் வெட்டித் தருகிறார்கள். புதிய உடலும் இடது இறக்கையும் அப்படித்தான் வந்தன. இடது இறக்கையை நான் கட்டியது அது மூன்றாம் தடவை. எஞ்சினும் நான்கு செர்வோவும் வலது இறக்கையும் தப்பியிருந்தன. மேலதிகச் செலவு ஒரு இலட்சத்து 60 ஆயிரம். பெற்றோலுக்கென்றே வரும் மஞ்சள் டைகோன் குழாயைப் போட்டேன். தாங்கிக்கு மேலே நான்கு திருகாணியில் கழற்றும் மூடி வைத்தேன், அதற்காக 40 கிராம் கூடியது, அந்த 40 கிராமுக்கு நான் வருத்தப்படவில்லை. பறந்து முடிந்ததும் தாங்கியை வடித்துவிட்டு, மீதியை எஞ்சின் நிற்கும் வரை ஓட்டித் தீர்க்கிறேன்.

பெரியவரை மூன்று தடவை கூட்டிவந்தேன்: இறக்கையைப் போர்ப்பதற்கு முன், தாங்கி அறையை மூடுவதற்கு முன், செர்வோக் கம்பிகளைப் பூட்டிய பிறகு. பெரிய விமானங்களில் கட்டுப்பாட்டுத் தொகுதியில் கை வைத்தால், வேலை செய்தவரும் அந்த வேலையில் சேராத இன்னொருவரும் தனித்தனியாகப் பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டுமாம். எவ்வளவு அனுபவசாலியானாலும் தனியாக மூட விடமாட்டார்களாம். மூன்றாம் தடவை, மூக்கை ஏற்றி இறக்கும் வால் தட்டான எலிவேற்றரின் கம்பியில் ஒரு திருகாணியில் பூட்டுப் பசை போட நான் மறந்திருந்ததை அவர் விரலால் தொட்டே கண்டுபிடித்தார். பெற்றோல் எஞ்சினின் அதிர்வில் அது எத்தனை நிமிடம் தாங்கியிருக்கும் என்று தெரியாது. உங்களுக்கு விமானத் தொழில்நுட்பவியலாளர் கிடைக்காவிட்டால் மோட்டார் திருத்துபவரைக் கூப்பிடுங்கள், ஓடாவியாரைக் கூப்பிடுங்கள். குழாயைப் பற்றி மோட்டார் திருத்துபவருக்குத் தெரியும், முறுக்கைப் பற்றி ஓடாவியாருக்குத் தெரியும். கேட்பதற்கு நான் வெட்கப்பட்டேன். வளர்ந்த மனிதன் விளையாட்டு விமானம் கட்டுகிறான் என்று நினைப்பார்களோ என்று. அப்படி ஒருவரும் நினைக்கவில்லை. ஓடாவியார் தன் மகனையும் கூட்டிக்கொண்டு பறப்பதைப் பார்க்க வந்தார்.

2024 பெப்ரவரியில், அதே காணியில், ஏழு நிமிடம் பறந்தது. முதல் மூன்று நிமிடம் வட்டம் மட்டும், பிறகு ஒரு தடவை மெதுவாக உருட்டி, தலைகீழாக ஓடுபாதையைக் கடந்தேன். இறங்கியதும் நான்கு திருகாணியையும் கழற்றி உள்ளே பார்த்தோம். குழாய் மஞ்சளாக, இறுக்கமாக, பூட்டியது பூட்டியபடி இருந்தது. மூடியின் உட்பக்கத்தில் பெரியவர் பென்சிலால் அன்றைய திகதியை எழுதிப் பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தை வைத்தார். பிறகு பென்சிலை என்னிடம் நீட்டினார்.